மலையடியில் உட்கார்ந்திருந்த எடித்

எடித் பெரியம்மாவின் பெயரை இனிச் சொல்லலாம் என்று அவள் மகள் மாரியன் போன வாரம்தான் சொன்னாள். பதினொரு வருடமாக அந்தப் பெயர் எங்கள் யார் வாயிலும் வரவில்லை. ஊர்க் கடையில் கல்லாவில் இருந்த பெண்ணுக்கும் அதே பெயர். பாவம், அவளையும் அத்தனை வருடம் வேறு பெயர் வைத்துத்தான் கூப்பிட்டோம். செத்தவரின் பெயர் காதில் விழுந்தால் வீட்டார் நெஞ்சு மறுபடி கிழியும் என்பதால் ஆதிக்குடிகளான எங்களில் அது வழக்கம். அதனால் இதை எழுதும்போதும் கை கொஞ்சம் தயங்குகிறது.

நான் லோர்னா. எடித் என் அம்மாவின் அக்கா. எங்களில் அம்மாவின் அக்கா என்றால் அவளும் அம்மாதான். என் அம்மா சீக்கிரம் போய்விட்டாள், ஆகையால் எடித்தான் என்னை வளர்த்தாள். பள்ளியில் வெள்ளைக்காரர் பேச்சு எனக்கு நன்றாக வந்தது. பெரியவளானதும் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரி, நீதிமன்றம், கூட்டம் என்று எங்கே போனாலும் எங்கள் ஆட்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு என்னை உட்கார வைப்பார்கள். பெரியம்மாவுக்கு நான்தான் வாய்.

அவள் பிறந்தது தெற்கே மணல்மேடுகளுக்கு நடுவில், ஒரு பஞ்ச காலத்தில். வருடம் யாருக்கும் தெரியாது. எர்னபெல்லா என்ற ஊரில் இருந்த பாதிரிமார்கள் குத்துமதிப்பாக ஒரு தேதியும், எடித் என்ற பெயரும் கொடுத்தார்கள். அங்கே கம்பளி நூற்றாள், தேவாலயத்தில் பாடினாள், ஆர்ச்சி பெரியப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவருடைய அப்பாவின் இடம் உலூரு, ஆஸ்திரேலியாவின் நடுவில் ஒற்றையாய் நிற்கும் செம்மலை. அதனால் மலையடிக்கு வந்து சேர்ந்தார்கள். அப்போது மலையை ஒட்டியே விடுதிகள் இருந்தன. பெரியம்மா அங்கே அறை துடைத்தாள், படுக்கை மாற்றினாள். பிறகு அரசாங்கம் நிலத்தை எங்களிடமே திருப்பிக் கொடுத்து, அதே நாளில் தேசியப் பூங்கா நடத்தத் தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகைக்குத் திரும்ப வாங்கிக்கொண்டது. மலைமேல் ஏறுவது மட்டும் நிற்கவில்லை. பெரியப்பா பூங்காவில் காவலராகச் சேர்ந்தார்.

பெரியம்மா வேலையை விட்டுவிட்டாள். தினம் காலையில் கரிப்பிடித்த டீ வாளி, மூன்று நாய்கள், ஒரு பழைய போர்வையோடு, ஏறுகிறவர்கள் பிடித்துக்கொள்ளும் சங்கிலி தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்வாள். யாரும் அவளை அனுப்பவில்லை, யாரும் சம்பளம் தரவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே ஆங்கில வாக்கியத்தை வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். 'தயவுசெய்து ஏறாதீங்க.' சிலர் நின்று கேட்பார்கள். சிலர் அவளைப் படம் எடுத்துக்கொண்டு ஏறிப்போவார்கள்.

அந்த வழி யாருடையது, ஏன் ஏறக்கூடாது என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அது ஆண்களுக்குரிய சமாசாரம். பெரியம்மாவும் அதைப் பற்றிப் பேசமாட்டாள். அவளுடைய கவலை வேறு. எங்கள் இடத்துக்கு வந்தவன் எங்கள் பொறுப்பு. அவன் விழுந்து செத்தால் அந்தத் துக்கம் எங்கள் தலையில் இறங்கும். நாங்கள்தான் அழ வேண்டும்.

கேலிக்கும் குறைவில்லை. முகத்தில் ஈ மொய்க்காமலிருக்கத் தலையில் வலை கட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்து, "நம்ம ஊரு ஈயையே தாங்கல, மலையைத் தாங்கிடுவாங்களாம்" என்பாள். குட்டைக் கால்சட்டை போட்ட கிழவர்களின் வெளுத்த முட்டிகளைப் பார்த்து அவள் சொல்வதை எழுத முடியாது. பெரியப்பா பக்கத்தில் இருந்தால், "ஏண்டி, உன் முட்டி மட்டும் பதினாறு வயசா?" என்பார்.

தொண்ணூற்று மூன்றில் ஒரு நாள் காலை நானும் அவளோடு இருந்தேன். பல்லாரட் ஊரிலிருந்து மெர்வின் என்று ஒருவர் வந்தார். ஓய்வுபெற்ற ரொட்டிக் கடைக்காரர். அறுபத்தைந்து இருக்கும், கனத்த உடம்பு. மனைவிக்குக் கால்வலி, பேருந்திலேயே இருந்துவிட்டார். பெரியம்மா தன் வாக்கியத்தைச் சொன்னதும் மெர்வின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எங்களுக்கு முன்னால் மணலில் உட்கார்ந்துவிட்டார். அப்படி உட்கார்ந்தவர்கள் மிகக் குறைவு. பெரியம்மா சந்தோஷத்தில் தன் குவளையிலேயே டீ ஊற்றிக் கொடுத்தாள்.

"நீங்க எப்பவாச்சும் மேல போயிருக்கீங்களா?" என்று கேட்டார்.

நான் மொழிபெயர்த்தேன். பெரியம்மா இல்லையென்று தலையாட்டினாள். "எனக்கென்ன வேலை அங்க?"

"நான் ரெண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்திருக்கேனே அம்மா. இதுக்காகவே நாப்பது வருசமா காத்திருந்தேன்."

"அவ்ளோ தூரம் வந்த மனுசன், இன்னும் ரெண்டு மணி நேரம் எங்கூட உக்காந்துட்டுப் போனா என்னவாம்? டீ நெறைய இருக்கு. கதை பேசலாம். அவருக்கு ரொட்டி சுட வருமான்னு கேளு. நான் சுடறதையும் தின்னு பாக்கட்டும்."

அதைச் சொன்னதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். சாம்பலில் சுட்ட ரொட்டியில் ஒரு துண்டு தின்றார், நன்றாயிருக்கிறது என்றார். பிறகு எழுந்து, பெரியம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "பாதி வரைக்கும்தான். எறங்கி வந்து மிச்ச டீயைக் குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சங்கிலியைப் பிடித்தார்.

பெரியம்மா அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரம் கழித்து மேலேயிருந்து கூச்சல் கேட்டது. சங்கிலி முடிகிற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். பெரியப்பாவும் இன்னும் நாலு காவலர்களும் கயிறு, தூக்குப்படுக்கையோடு ஏறினார்கள். பெரியப்பாவுக்கு அந்த வழியில் கால் வைப்பதே பாரம். ஆனாலும் மேலே கிடப்பவனை எப்படி விட முடியும்? கீழே கொண்டுவந்தபோது போர்வை முகம்வரை இழுத்து மூடியிருந்தது.

பெரியம்மா ஓலமிட்டாள். எங்கள் ஆட்கள் செத்தால் எப்படி அழுவாளோ அப்படி. மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டாள். கல்லை எடுத்து நெற்றியில் குத்திக்கொள்ளப் போனவளை இரண்டு பேர் பிடித்தோம். மெர்வினின் மனைவி ஜாய்ஸ் பேருந்திலிருந்து நொண்டிக்கொண்டே வந்து நின்று, செத்த புருஷனையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு இவங்க? எதுக்கு அழறாங்க? இவங்களுக்கு அவரைத் தெரியவே தெரியாதே" என்று என்னிடம் கேட்டார்.

பெரியம்மாவிடம் சொன்னேன். "என் குவளையில குடிச்சான்னு சொல்லு. என் ரொட்டியத் தின்னான்னு சொல்லு. நான் அவனை உக்கார வச்சிருக்கணும், கால்ல விழுந்திருக்கணும், விட்டுட்டேன்னு சொல்லு."

நான் சொன்னேன். ஜாய்ஸின் முகம் இறுகியது. "இவ்ளோ அக்கறை இருந்தா ஒரு கேட்டு போட்டுப் பூட்டியிருக்க வேண்டியதுதானே? உங்க மலைதானே? அப்புறம் எதுக்கு ஆளை விட்டீங்க?"

அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் யாராயிருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். ஆனால் பெரியம்மா என் முகத்தையே பார்த்தாள். "என்ன சொல்றா அந்தப் பொண்ணு?"

"ரொம்ப நன்றின்னு சொல்றாங்க பெரிம்மா."

அதுதான் என் வேலையில் நான் சொன்ன முதல் பொய்.

பெரியம்மா துக்கத்துக்காக முடியை வெட்டிக்கொண்டாள். ஒரு மாதம் மலையடிக்குப் போகவில்லை. பிறகு போனாள், முன்னைவிட அதிக நேரம் உட்கார்ந்தாள். ஆனால் யாருக்கும் டீ கொடுக்கவில்லை. அடுத்த சில வருடங்களில் வெயிலிலும் நெஞ்சு வலியிலும் இன்னும் சிலரைக் கீழே கொண்டுவந்தார்கள். ஒரு குளிர்காலத்துக் காலை வாளி வீட்டிலேயே கிடந்தது. பெரியம்மா போர்வைக்குள் சுருண்டிருந்தாள்.

"இன்னைக்குப் போகலையா?" என்றேன்.

"சொன்னாலும் ஏறுறான், சொல்லாட்டாலும் ஏறுறான். சொல்லியும் செத்தான்னா எனக்கு ரெட்டைப் பாரம். என்னால முடியாது புள்ள."

உடம்பும் அப்போதே கெட ஆரம்பித்திருந்தது. சர்க்கரை முதலில் கண்ணைத் தின்றது, பிறகு சிறுநீரகத்தை. இரண்டாயிரத்து மூன்றில், வாரம் மூன்று நாள் இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்தால்தான் பிழைப்பாள் என்றார்கள். இயந்திரம் இருந்தது ஆலிஸ் ஸ்பிரிங்ஸில். நானூற்றைம்பது கிலோமீட்டர். வாரத்துக்கு மூன்று முறை போய்வரும் தூரமில்லை. ஆகவே அவள் அங்கேயே போய் இருக்க வேண்டியதாயிற்று. பெரியப்பா ஊரை விட்டு வர முடியாது. மலையின் காரியங்களுக்கு அவர் வேண்டும். கிளம்புகிற அன்று அவர் வெளியே வரவில்லை. பின்பக்கம் உட்கார்ந்து ஓயாமல் ஒரு ஈட்டியைச் செதுக்கிக்கொண்டிருந்தார்.

ஆலிஸில் நோயாளிகள் தங்கும் ஒரு விடுதியில் நாலு பேருக்கு ஒரு அறை. மற்ற மூன்று பேரும் வேறு பக்கத்து மக்கள், வேறு பாஷை. ஒரு நாளைக்கு நாலு குவளை தண்ணீருக்கு மேல் குடிக்கக்கூடாது என்று கணக்கு. வாளி வாளியாக டீ குடித்தவள், ஐஸ் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் போகும்போதெல்லாம் நெருப்பில் சுட்ட கங்காரு வால் கொண்டுபோவேன். ஒரு விரல் அளவு தின்றுவிட்டு மிச்சத்தை முகர்ந்து பார்ப்பாள். "புகை வாசம் நம்ம ஊரு முல்கா விறகு" என்பாள்.

ஒரு தடவை நான் போனபோது சிகிச்சை மையத்தில் லின் என்ற தாதி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷி.

"உங்க பெரியம்மாவுக்கு மனசு ரொம்ப விழுந்துடுச்சு போல. அஞ்சு மணி நேரமும் பக்கத்துச் சுவத்தப் பாத்துத் திரும்பிக்கிறாங்க. கழுத்து பிடிச்சுக்குது. யாரோடயும் பேசறதில்ல. அவங்களுக்காகத்தான் அந்தப் படத்தையே மாட்டினோம், சொந்த ஊரைப் பாத்தா சந்தோஷப்படுவாங்கன்னு."

அவர் காட்டிய பக்கம் திரும்பினேன். எதிர்ச் சுவரில் ஆளுயரத்துக்கு எங்கள் மலை. பார்த்த மறுகணமே தலையைக் குனிந்துகொண்டேன். எந்தப் பக்கத்தின் படம் என்று சொல்ல மாட்டேன். பெண்கள் பார்க்கக்கூடாத இடம் அது. அந்தப் பக்கமாகக் காரில் போனாலும் நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். பெரியம்மாவுக்கு அதற்குள் பார்வை பாதிக்கு மேல் போயிருந்தது. ஆனாலும் அந்த வடிவம் மங்கலாகக்கூடக் கண்ணில் படக்கூடாது என்று ஐந்து மாதம், வாரம் மூன்று நாள், ஐந்து ஐந்து மணி நேரம் கழுத்தை ஒடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏன் பெரிம்மா சொல்லல?"

"எப்படிச் சொல்றது? எங்கிட்ட இருக்கறது ஒரே வாக்கியம். அதை வச்சு இதைச் சொல்ல முடியுமா?"

நான் சொன்னதும் லின் உடனே ஏணி வரவழைத்துப் படத்தை இறக்கினார். பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பெரியம்மா அவரைத் தட்டிக்கொடுத்தாள். ஆனால் கழுத்து நேராகவே இல்லை. அந்தக் கோணல் கடைசிவரை இருந்தது.

இரண்டாயிரத்து ஆறில் ஆர்ச்சி பெரியப்பா தூக்கத்தில் போய்விட்டார். பெரியம்மாவை ஊருக்குக் கூட்டிவந்தோம். எங்கள் துக்கம் ஒரு நாளில் முடிகிற துக்கமில்லை. நாலாபுறத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்து சேர வேண்டும், ஒவ்வொருவரையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும். இரண்டு முறை இயந்திரம் தவறியது. அடக்கத்துக்கு முந்தின நாள் அவள் உடம்பு முழுவதும் நீர் கோத்து மூச்சு முட்டியது. சிறு விமானம் வந்து தூக்கிக்கொண்டு போனது. நாற்பது வருடம் தன்னோடு வாழ்ந்தவரை மண்ணில் இறக்கியபோது அவள் ஆலிஸில் குழாய்களுக்கு நடுவில் கிடந்தாள்.

கண் தெளிந்ததும் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "தலைமாட்டுல யாரு உக்காந்தா?"

"மாரியன் உக்காந்தா பெரிம்மா."

"அது நான் உக்கார வேண்டிய எடம்."

அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தாள். இருந்தாள் என்றுதான் சொல்ல முடியும். கண் முழுதும் போனது. தினமும் விடுதி வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நாலு குவளை தண்ணீர், இயந்திரம். இரண்டாயிரத்து ஒன்பது ஏப்ரலில் எனக்கு ஆள் விட்டாள். டாக்டரம்மா, பெரியம்மா, மாரியன், நடுவில் நான்.

"இயந்திரம் போதும்னு சொல்லு" என்றாள்.

டாக்டரம்மா நாற்காலியைப் பெரியம்மா பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு மெதுவாக, "நிறுத்தினா ஒரு வாரம், மிஞ்சினா பத்து நாள். அது அவங்களுக்குப் புரியணும். நீங்க சரியா சொல்லணும்" என்றார்.

ஜாய்ஸ் சொன்னதை மறைத்தது எனக்கு நினைவு வந்தது. இதை மறைக்கவில்லை. அப்படியே சொன்னேன். மாரியன் அடக்க முடியாமல் விம்மினாள்.

பெரியம்மா கேட்டாள், "அந்தப் பத்து நாள் எங்க? இங்கயா, அங்கயா?"

"அங்க போகலாமாம்."

"அப்ப பத்து நாள் நெறைய."

ஆனால் கடைசி முறை இயந்திரத்தில் வைத்த பிறகு வண்டி கிடைக்கவும் தாள்களில் கையெழுத்து வாங்கவும் ஐந்து நாள் ஓடிவிட்டது. ஆறாம் நாள் காலை கிளம்பினோம். நான் ஓட்டினேன். பின்னால் மாரியனின் மடியில் பெரியம்மாவின் தலை. எர்ல்டுண்டா முச்சந்தி வரை பேசிக்கொண்டு வந்தாள். மேற்கே திரும்பிய பிறகு மூச்சில் ஒரு சத்தம் வந்தது. ஆர்ட்டிலா குன்று தெரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தினேன். அங்கே எப்போதும் நடக்கிறதுதான் அன்றும் நடந்தது. சுற்றுலாக்காரர்கள் அந்தத் தட்டைக் குன்றைப் பார்த்து அதுதான் உலூரு என்று நினைத்துக் கூட்டமாக நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண், "வந்துட்டோம், வந்துட்டோம்" என்று போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெரியம்மாவுக்கு அந்த ஆரவாரம் கேட்டது. "வந்துட்டமா புள்ள?"

மாரியன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, ஆமென்று சொல்லும்படி தலையசைத்தாள். இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. அவளிடம் அவ்வளவு நேரம் இருக்குமா என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

"வந்துட்டோம் பெரிம்மா. எதிர்லதான் இருக்கு."

அவள் வாயைத் திறந்து காற்றை உள்ளே இழுத்தாள். மறுபடி இழுத்தாள்.

"பொய் சொல்ற" என்றாள். கோபமில்லாமல் சொன்னாள். "இது அங்க அடிக்கிற காத்தில்ல. நீ ஓட்டு."

ஓட்டினேன். வேகமாகத்தான் ஓட்டினேன். பாலைச் சவுக்கு மரங்கள் அடர்த்தியாகிற இடத்தில், மலையின் தலை முதன்முதலில் தெரிவதற்குச் சற்று முன்னால், "லோர்னா, நிறுத்து" என்றாள் மாரியன். பிறகு, "வேணாம், போ" என்றாள். என்ன நடந்தது என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது.

பூங்கா வாசலில் நாலு பேருந்துகள் வரிசையில் நின்றன. சாவடியில் புதிதாக வந்த ஒருவன் இருந்தான். எங்களைத் தெரியாது. "வண்டியில எத்தனை பேரு?" என்று கேட்டான்.

"மூணு பேரு. ஊர்க்காரங்க" என்றேன். சிரித்துக்கொண்டே கையசைத்து விட்டான்.

எட்டு நாள் கழித்து அடக்கம். பெரியவர்களில் சிலர், துக்கத்துக்காகக் கொஞ்ச நாள் ஏறுவதை நிறுத்திவைக்கச் சொல்லிக் கேட்கலாமா என்றார்கள். முன்பு ஒருவருக்கு அப்படி நிறுத்தியதும், தூர தேசத்திலிருந்து வந்தவர்கள் முகம் சுளித்ததும் எல்லோருக்கும் தெரியும்.

மாரியன் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கம்மா உசுரோட உக்காந்து ஒவ்வொருத்தனையா கேட்டா. எவன் கேட்டான்? இப்பப் பொணத்த வச்சுக்கிட்டு நான் போய்க் கேக்கணுமா?"

கேட்கவில்லை. நாங்கள் மண் போட்டபோது மேலே ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். மெர்வினுக்காக அவள் அப்படி அழுதாள், அவளுக்காக ஒருவனும் சங்கிலியை விட்டு இறங்கவில்லை. அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பிறகு எல்லாம் வந்தது. ஒன்பது வருடம் கழித்து எங்கள் ஊரிலேயே ஒரு சிறு கட்டடத்தில் ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரம் வைத்தார்கள். அடுத்த வருடம் ஏறுவதற்கே தடை வந்தது, சங்கிலியைப் பிடுங்கினார்கள். அன்றைக்கு ஊரில் ஆட்டமும் பாட்டமும் இருந்ததாம். நான் போகவில்லை. மாரியனும் போகவில்லை. இரண்டு பேரும் வீட்டுக்குள் உட்கார்ந்து தொலைக்காட்சியில் ஏதோ கால்பந்து பார்த்தோம்.

போன வாரம் மாரியனின் ரத்தப் பரிசோதனைத் தாள் வந்தது. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. தாளை நீட்டினாள்.

"என்ன போட்டிருக்கு? உள்ளத அப்படியே சொல்லு."

சிறுநீரகம் இரண்டும் பாதிக்கு மேல் போய்விட்டது, இரண்டு வருடத்துக்குள் இயந்திரம் வேண்டியிருக்கும் என்று எழுதியிருந்தது. அப்படியே சொன்னேன். அவள் தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். பிறகு, "அம்மா பேரை இனி எல்லாரும் சொல்லலாம்னு ஊருல சொல்லிடு. எனக்குக் கேக்கணும் போல இருக்கு" என்றாள்.